கையுறைக்கு மேல் மோதிரம்

"இன்னொருக்காப் போடுங்கோ," என்றாள் சுபாங்கி.

லக்ஷிகா தொலைபேசியை மேசை நடுவில் வைத்து, வொயிஸ் மெயிலை மறுபடியும் ஓடவிட்டாள்.

"மகள், அம்மா பேசுறன். மொன்றியலுக்கு வந்து சேந்திட்டன், தேடாத. நாளைக்குத்தான் என்ர பேச்சு. மூண்டு விசயம் சொல்லப் போறன். பேராயர் விரலில மோதிரத்தைப் போட்டு, அதுக்கு மேலதான் கையுறை போடுவார். பட்டம் ஏறின நாளிலிருந்து ஒரே மாளிகையிலதான் இருப்பார், வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராத் திரியிறேல்ல. அவர் செத்தா முத்திரையை உடைக்க மாட்டினம், பத்திரமா அடுத்தவருக்குக் குடுப்பினம். நீ சின்னதில கேட்ட கதைதானே புள்ள. வைக்கிறன்."

குரல் நின்றது. கீழே கொத்துரொட்டிக் கடையில் தகடு தட்டும் சத்தம் மட்டும் மாடிக்கு ஏறி வந்தது.

நகரத்தின் வடகிழக்கு ஓரம் மில்லிக்கனில், ஒரு பிளாசாவின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஒரு மேசை, நான்கு கதிரை, நம்ப முடியாத ஒரு சூடாக்கி, ஒரு ஜன்னல். சுபாங்கி பத்து வருடம் இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்றுக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். இப்போது சொந்தமாக லைசென்ஸ் எடுத்துத் துப்பறிகிறாள். அவளுடைய உதவியாளர் கஜீவனுக்கு அவளைவிட வயது கூட. அமெரிக்கா முழுவதும் ட்ரக் ஓட்டி முதுகு போன பிறகு, வாயை மட்டும் வைத்துப் பிழைக்கலாம் என்று இந்த வேலைக்கு வந்தவர்.

"உங்கட அம்மா கிறிஸ்தவமோ?" என்று கஜீவன் கேட்டார்.

"இல்லை அங்கிள். மட்டக்களப்பில பிறந்த சைவக்காரி. ஆனா அவ புரொபெசர். எண்ணூறு வருசத்துக்கு முந்தின இங்கிலாந்துப் பேராயர்மாரைப் பற்றித்தான் முப்பது வருசமா ஆராய்ச்சி."

"என்ர மனுசி முப்பது வருசமா என்னை ஆராய்ஞ்சும் இன்னும் முடிவுக்கு வரேல்ல."

லக்ஷிகாவின் கணவன் தினேஸ் ஜன்னலோரம் நின்றபடி மெல்லச் சிரித்தான். ஜாக்கெற்றைக் கழற்றாமலே நின்றான். அவன் நகரத்துக்கு மேற்கே பிறம்ரனில் சொந்தமாக ஏதோ பிஸ்னஸ் செய்வதாக வந்தவுடனேயே சொல்லியிருந்தான். இருவருக்கும் வீடு கிழக்கே அஜக்ஸில்.

"அம்மா வெளிக்கிட்ட வியாழக்கிழமை என்ன நடந்தது? முதலில இருந்து சொல்லுங்கோ," என்றாள் சுபாங்கி.

லக்ஷிகா சொன்னாள். அவளுடைய அம்மா தெய்வநாயகி வியாழன் காலை நகரத்தில் ஓர் ஏலக் கடைக்குப் போனார். அங்கே ஒரு பழைய மோதிரம் விற்பனைக்கு வந்திருந்தது. இங்கிலாந்துப் பேராயர் ஒருவருடையது என்று சொல்லியிருந்தார்கள். உண்மையானதுதானா என்று பார்த்துச் சொல்லும்படி கடைக்காரர் கேட்டிருந்தார். அது முடிய ரக்சி பிடித்து ஸ்ரேசனுக்குப் போய், ஒரு மாநாட்டில் பேசுவதற்காக மொன்றியல் ரெயில் ஏறுவது என்று திட்டம். அன்று பின்னேரம், லக்ஷிகா வேலையில் நிற்கும்போது, அந்த வொயிஸ் மெயில் வந்தது. ஆனால் மொன்றியல் ஹோட்டலில் அப்படி ஒருவர் வந்து சேரவேயில்லை. மாநாட்டுக்காரரும் தேடுகிறார்கள்.

"பொலிஸ்?"

"சொன்னம். வளர்ந்த ஆள், தானே மெசேஜ் விட்டிருக்கிறா, பொறுத்துப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டினம்."

"அவையள் சொல்லுறதும் சரிதானே," என்றான் தினேஸ். "மாமிக்கு வயசு போகுது. போன கிழமை கார்ச் சாவியை பிரிட்ஜுக்குள்ள வச்சிட்டுத் தேடினவ. எங்கயாவது வேற ஹோட்டலில நிப்பா."

"சாவியை மறக்கலாம் தினேஸ். இதை மறக்க மாட்டா," என்றாள் லக்ஷிகா. "அம்மா சொன்ன மூண்டும் பிழை. மூண்டும் தலைகீழ்."

சுபாங்கி நிமிர்ந்தாள்.

அந்த நேரம் தினேஸின் தொலைபேசி அடித்தது. "வேலை கோல். கீழ காருக்குள்ள நிக்கிறன், நீர் முடிச்சிட்டு வாரும்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

"தலைகீழ் எண்டா எப்பிடி?"

"சின்னதில மற்றப் பிள்ளையளுக்கு ராசா கதை சொல்லி நித்திரையாக்குவினம். எனக்குப் பேராயர் கதை. ராசாவுக்கு முடி சூட்டுறது அவர்தான். புது ஆயர்மாருக்குப் பட்டம் குடுக்கிறதும் அவர்தான். ஆனா றோமிலயிருந்து பாப்பரசர் ஒரு வெள்ளைக் கம்பளிப் பட்டி அனுப்பி, அதைத் தோளில போடுமட்டும் அவரால ஒண்டும் செய்யேலாது. பெரிய வியாழன் அண்டைக்கு ஏழையளின்ர கால் கழுவுவார். எங்க போனாலும் அவருக்கு முன்னால சிலுவை தூக்கிக்கொண்டு ஒராள் போகும். இதெல்லாம் எனக்கு இப்பவும் பாடம்." லக்ஷிகா மூச்சு வாங்கினாள். "மோதிரத்தைக் கையுறைக்கு மேலதான் போடுவார். உள்ளுக்கில்லை. அவர் ஒரே மாளிகையில இருக்கிற ஆளும் இல்லை. கட்டில், பாத்திரம், பலிபீடச் சாமான் எல்லாத்தையும் வண்டியில ஏற்றிக்கொண்டு வருசம் முழுக்கத் திரிவார். ஒவ்வொரு கோயிலாப் போய் விசாரிப்பார். வழக்குக் கேப்பார். செத்தா, அவற்ற முத்திரையை உடனே உடைச்சுப்போடுவினம். இல்லாட்டி அதை வச்சு ஆரும் அவற்ற பேரில ஓலை எழுதிப்போடுவினம்."

"அம்மா உங்களுக்கு ஏன் வேலை நேரத்தில போன் எடுத்தவ?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல. நான் வேலை செய்யிற பல் கிளினிக்கில போன் லொக்கருக்குள்ளதான் இருக்கும். அது அவவுக்குத் தெரியும்."

சுபாங்கி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே அழுக்குப் பனிக் குவியல்களுக்கு நடுவில் தினேஸின் கார் புகை விட்டுக்கொண்டு நின்றது.

"பக்கத்தில ஒருத்தர் நிண்டு கேட்டுக்கொண்டிருக்கேக்க பேசியிருக்கிறா," என்றாள். "உண்மையைச் சொல்லேலாது. அதால வேணுமெண்டே பொய் சொல்லியிருக்கிறா, நீங்கள் திருப்பிப் பார்ப்பீங்கள் எண்டு நம்பி. மோதிரம் கையுறைக்கு மேல. அப்ப அது பெரிசா இருக்கவேணும். ஏலத்துக்கு வந்தது சின்னன், அதால போலி எண்டு சொல்லுறா. அது ஒண்டு. ஒரே இடத்தில இல்லை, வண்டியில. அப்ப அவவை வச்சிருக்கிறது வீட்டிலயோ ஹோட்டலிலயோ இல்லை. சில்லு வச்ச ஏதோ ஒண்டுக்குள்ள."

"மூண்டாவது?" என்று லக்ஷிகா கேட்டாள்.

சுபாங்கி ஜன்னலை விட்டு மேசைக்குத் திரும்பி வந்தாள். 

"அந்த மோதிரத்துக்கு அம்மாவின்ர பேர்தான் முத்திரை. வேலை முடிஞ்ச பிறகு முத்திரையை என்ன செய்வினம் எண்டு அவவுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏலம் எப்ப?"

"இண்டைக்குப் பின்னேரம்," என்றாள் லக்ஷிகா. அவளைத் தினேஸோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சுபாங்கியும் கஜீவனும் நகரத்துக்குப் புறப்பட்டார்கள்.

*

ஏலக் கடை பழைய செங்கல் வீடு ஒன்றில் இருந்தது. உள்ளே கம்பளம், மெழுகு வாசம், தாழ்ந்த குரல்கள்.

"இஞ்ச தும்மினாலும் விலை கேட்டதாக் கணக்கெடுத்துப் போடுவாங்கள் போல கிடக்கு," என்று கஜீவன் காதுக்குள் சொன்னார். "தங்கச்சி, நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாறன்."

முதலாளியின் பெயர் அன்ட்ரூ. உயரமான, நரைத்த, பட்டுப்போல் பேசுகிற மனிதர். புரொபெசரின் மகளுக்காக மோதிரத்தைப் பார்க்க வந்ததாகச் சுபாங்கி ஆங்கிலத்தில் ஒரு கதை சொன்னாள். அவர் நம்பினாரோ இல்லையோ, கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தவன் ஓர் இளம் தமிழன். சட்டையில் ஜனார்த்தன் என்று பெயர்த் தகடு இருந்தது. அவன் கண்கள் நித்திரை இல்லாமல் சிவந்திருந்தன.

பொன் வளையம். நடுவில் ஒரு நீலக்கல். சுபாங்கி அனுமதி கேட்டுவிட்டு மோதிர விரலில் போட்டாள். அது அவளுக்கென்றே செய்ததுபோல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கழற்றுவதற்குக் கொஞ்சம் திருக வேண்டியிருந்தது.

எண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆண். தடித்த கையுறை. அதற்கு மேல் இந்த மோதிரம். ஏறவே ஏறாது.

"இதை விற்க வந்தது யார்?" என்று கேட்டாள்.

"விற்பவரின் பெயரை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை," என்றார் அன்ட்ரூ.

"புரொபெசர் இதைப் பற்றி என்ன சொன்னார்?"

"உண்மையானது என்று வியாழன் இரவே எழுத்தில் அனுப்பிவிட்டார். அவர் சொன்ன பிறகு எனக்கு வேறு யாருடைய கருத்தும் தேவையில்லை." கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவர் பார்த்தது ஜனார்த்தனை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சு முடிந்தது.

அவர்கள் தெருவுக்கு வந்து கார்க் கதவைத் திறக்கும்போது பின்னால் யாரோ ஓடி வந்தார்கள். ஜனார்த்தன். ஜாக்கெற் கூடப் போடாமல், சட்டையோடு குளிரில் நின்றான்.

"அக்கா, மிஸ்ஸுக்கு ஏதும் நடந்திட்டுதோ?"

"ஏன் கேக்கிறீர்?"

"நான் அவவின்ர ஸ்ருடன்ற். மோதிரம் வந்த அண்டைக்கே சைஸ் பிழை எண்டு அன்ட்ரூவுக்குச் சொன்னனான். அவர் கேக்கேல்ல. வியாழன் மிஸ் வந்து விரலில போட்டுப் பார்த்தா. அவவுக்கு அளவா இருந்தது. ஒண்டும் பேசாமல் கழற்றி வச்சிட்டு, 'ஜனார்த்தன், எனக்கு இண்டைக்கு நல்ல கோவம் வருது' எண்டு மட்டும் சொன்னா. அப்பிடிச் சொல்லிப்போட்டுப் போனவ எப்பிடி அண்டைக்கு இரவே ஓகே எண்டு ஈமெயில் போடுவா?"

"அவவின்ர போன் வேற ஒராளின்ர கையில இருந்தா, அந்த ஆள் போடலாம்," என்றாள் சுபாங்கி. "அன்ட்ரூவிட்ட ஆள் தங்கக்கூடின வாகனம் ஏதும் இருக்கோ? கரவன், மோட்டர் ஹோம், அப்பிடி?"

ஜனார்த்தன் யோசித்தான். "மோட்டர் ஹோம் ஒண்டு இருக்கு. வெயில் காலத்திலதான் எடுப்பார். இப்ப குளிருக்கு அஜக்ஸில வாகனம் நிப்பாட்டி வைக்கிற ஒரு ஸ்ரோரேஜ் யார்டில விட்டிருக்கிறார்."

கஜீவன் அதற்குள் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணிவிட்டார்.

*

401 நெடுஞ்சாலை கிழக்கு நோக்கி நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஓடியது என்று சொல்ல முடியாது. மழையும் பனியும் கலந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தது. சுபாங்கி பொலிசுக்கு எடுத்துப் பேசினாள். ஒரு மோதிரம் விரலுக்கு அளவாக இருந்தது என்பதை வைத்து ஒருவரின் மோட்டர் ஹோமை உடைக்க முடியாது என்று மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகச் சொன்னார். ஆனாலும் ஒரு காரை அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார்.

"உந்த வெள்ளைக்கார மனுசனில எனக்கு முதல் பார்வையிலயே பிடிப்பில்லை," என்றார் கஜீவன், ஒரு லொறியை முந்திக்கொண்டே. "அவ்வளவு வாசமா இருக்கிற ஆம்பிளையள் ஆரும் நேர்மையா இருந்து நான் காணேல்ல."

"உங்கட வாசத்தைப் பார்த்தா ரொம்ப நேர்மையான ஆள் எண்டு தெரியுது அண்ணை."

"அது கொத்துரொட்டி வாசம். தொழில் பக்தி." அவர் சிரித்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "எண்டாலும் பொறுமைசாலிதான். அந்த அன்ரி தமிழில அவ்வளவு நேரம் கதைக்க, பக்கத்தில நிண்டு என்ன விளங்கினதெண்டு தலையாட்டிக்கொண்டு நிண்டிருப்பான்?"

சுபாங்கியின் கை டாஷ்போர்டைப் பிடித்தது.

"அண்ணை, அடுத்த எக்சிற்றில இறங்குங்கோ."

"இது இன்னும் அஜக்ஸ் இல்லை."

"இறங்குங்கோ. நாங்கள் பிழையான பக்கம் போறம்."

கஜீவன் கேள்வி கேட்காமல் சிக்னல் போட்டார். அவருடைய நல்ல குணங்களில் அது ஒன்று.

"கடத்தி வச்சிருக்கிற ஒருத்தன், அவவைத் தனக்கு விளங்காத பாஷையில கதைக்க விடுவானோ? விடமாட்டான். இங்கிலிஷில கதை எண்டுதான் சொல்லுவான். அவ தமிழில கதைச்சவ. அப்ப பக்கத்தில நிண்டவனுக்குத் தமிழ் தெரியும். அன்ட்ரூ இல்லை."

"அப்ப அந்தப் பெடியன் ஜனார்த்தன். நான் சொன்னன்தானே, கண்ணெல்லாம் சிவப்பு."

"அவனும் இல்லை. அவன் அவவிட்டப் படிச்சவன். கையுறைக்கு உள்ள மோதிரம் எண்டு அவ வாய் திறந்த உடனேயே இது ஏதோ குறிப்பு எண்டு பிடிச்சிருப்பான். முதல் வசனத்திலயே போனைப் பறிச்சிருப்பான். இவன் மூண்டையும் சொல்ல விட்டிருக்கிறான். தமிழ் தெரியும், பேராயரைப் பற்றி ஒண்டும் தெரியாது." சுபாங்கி வேகமாகப் பேசிக்கொண்டு போனாள். "மோதிரத்தைச் செய்விச்சவனும் அதே ஆள்தான் அண்ணை. கையுறை எண்டு ஒரு சாமான் இருக்கிறதே தெரியாமல், வெறும் விரலுக்கு அளவெடுத்திருக்கிறான். அதோட, லக்ஷிகா வேலையில நிக்கேக்க போன் லொக்கருக்குள்ள எண்டதும் அவனுக்குத் தெரியும். அவள் எடுத்துக் கேள்வி கேக்கக் கூடாது, மெசேஜ் மட்டும் விழவேணும்."

கார் பாலத்துக்குக் கீழே திரும்பி, மேற்குப் பக்கத்து ரோட்டில் ஏறியது. கஜீவனின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"பிறம்ரனில பிஸ்னஸ் எண்டு சொன்னான். என்ன பிஸ்னஸ் எண்டு நாங்கள் கேக்கேல்ல," என்றார்.

சுபாங்கி ஏற்கெனவே லக்ஷிகாவை அழைத்திருந்தாள்.

"அக்கா? அம்மாவைக் கண்டிட்டீங்களோ?"

"இன்னும் இல்லை. தினேஸ் பக்கத்தில நிக்கிறாரோ?"

"இல்லை, என்னை வீட்டில இறக்கிப்போட்டுத் தன்ர பிறம்ரன் யார்டுக்குப் போயிட்டார். ஒரு ட்ரைலரை அவசரமா அமெரிக்காப் பக்கம் அனுப்ப வேணுமாம்."

"அவருக்கு ட்ரக்கிங் பிஸ்னஸோ?"

"ஓம். ஏன்?"

"வரேக்க காரில அவரோட என்ன கதைச்சனீங்கள்?"

"நீங்கள் சொன்னதெல்லாம் சொன்னன். மோதிரம், சில்லு, முத்திரை. அவரும் பயந்திட்டார் பாவம். ஒண்டுமே கதைக்கேல்ல."

சுபாங்கி ஒரு நொடி கண்ணை மூடினாள். "யார்டின்ர அட்ரஸை எனக்கு அனுப்புங்கோ. ஏனெண்டு இப்ப கேளாதேங்கோ. அவருக்கு ஒரு கோலும் எடுக்காதேங்கோ. வீட்டிலயே இருங்கோ, நான் எடுக்கிறன்."

மறுமுனையில் "சரி அக்கா," என்ற ஒரு சின்னக் குரல்.

*

அந்த யார்ட் ஒரு குடோனுக்குப் பின்னால் இருந்தது. வெள்ளை ட்ரைலர்கள் வரிசையாக, ஒன்றைப்போல் ஒன்று, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. சுபாங்கி வழியில் அழைத்திருந்த பொலிஸ் வந்துகொண்டிருந்தது, ஆனால் இன்னும் வந்திருக்கவில்லை.

"இதில எது எண்டு தேடுறது?" என்றாள் சுபாங்கி.

"தேடத் தேவையில்லை," என்றார் கஜீவன். "எது ஓடப் போகுதோ அது."

கடைசி வரிசையில் ஒரு ட்ரக் எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. தினேஸ் ட்ரக்கில் கொழுவிய ட்ரைலரைத் தாங்கியிருந்த இரும்புக் கால்களை உயர்த்தும் கைபிடியைச் சுற்றி முடித்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டிருந்தான். அவன் இவர்களைக் காணவில்லை.

சுபாங்கி பனிச் சகதியில் ஓடி, ட்ரக்கின் முன்னால் போய்க் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். தினேஸ் அவளைக் கண்டான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் ஒரு கணம் எந்த உணர்ச்சியும் இல்லாமல் இருந்தது. பிறகு ட்ரக் மெல்ல முன்னால் நகர்ந்தது.

"தம்பி, நிப்பாட்டும்," என்றாள் அவள். எஞ்சின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

ட்ரக் நிற்கவில்லை. அவள் ஓர் அடி பின்வாங்கினாள். இன்னோர் அடி. பின்னால் வேலிக் கம்பி முதுகில் முட்டியது. எஞ்சினின் வெக்கை முகத்தில் அடித்தது.

திடீரென்று ஒரு பெரிய சீற்றம். பாம்பு சீறுவதைப்போல் காற்று பீறிட்டது. ட்ரைலரின் சில்லுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் இறுகிப் பிடிக்க, ட்ரக் முழுவதும் குலுங்கி, அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றுவிட்டது.

ட்ரக்குக்கும் ட்ரைலருக்கும் நடுவில் இருந்து கஜீவன் இறங்கி வந்தார். அவருடைய கையில் ஒரு சிவப்புக் குழாயின் நுனி இருந்தது. ட்ரைலரின் பிரேக்குக்குக் காற்றுப் போகிற குழாய் அது. அதைக் கழற்றினால் பிரேக் தானாக இறுகிவிடும். அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்ர முதுகுக்குக் கூடாத வேலை இது," என்றார். குழாயைச் சகதியில் போட்டார். "இறங்கும் தம்பி. இனி உது அசையாது."

தினேஸ் இறங்கினான். ஓடவில்லை. ட்ரக்கின் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் அவவை ஒண்டும் செய்யேல்ல," என்றான். "ஹீற்றர் போட்டு வச்சிருந்தன். சாப்பாடு குடுத்தன். கடைக்கு முன்னாலயே நிண்டு ஏத்தினன், ஸ்ரேசனில விடுறன் எண்டு. காருக்குள்ள ஏறின உடனே, ஆரோ போலி மோதிரம் விக்கிறான், இண்டைக்கே பொலிசுக்குச் சொல்லப் போறன் எண்டா. விக்கக் குடுத்தது நான்தான் எண்டு அவவுக்குத் தெரியாது. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. அவவின்ர புத்தகத்தில இருந்த படத்தைப் பார்த்துத்தான் செய்விச்சனான். அச்சு அசல் அப்பிடியே இருந்தது. அதைக் கையுறைக்கு மேல போடுறதெண்டு இண்டைக்கு லக்ஷிகா சொல்லுமட்டும் எனக்குத் தெரியாது."

"அவவோட எத்தினை தரம் ஒரு மேசையில இருந்து சாப்பிட்டிருக்கிறீர்?" என்று சுபாங்கி கேட்டாள். "ஒருக்காலாவது அவ சொல்லுறதைக் கேட்டிருந்தா உமக்குத் தெரிஞ்சிருக்கும்."

தினேஸ் சப்பாத்தில் அப்பியிருந்த சகதியைத் தட்டினான்.

"இப்ப எங்க கொண்டு போக வெளிக்கிட்டனீர்?"

அவன் நிலத்தைப் பார்த்தபடியே இருந்தான். சுபாங்கிக்கு அந்த உடைக்கிற முத்திரை நினைவுக்கு வந்தது.

கஜீவன் பின்கதவின் கொழுக்கியைத் தட்டித் திறந்தார். உள்ளே மரப் பலகை அடுக்குகளுக்கு நடுவில், வீட்டுச் சாமான்களைச் சுற்றுகிற தடித்த போர்வைகளுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். வெளிச்சத்தைக் கண்டு கண்ணைச் சுருக்கிக்கொண்டார். தலைமயிர் கலைந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஹீற்றர் எப்போதோ நின்றுபோயிருந்தது.

சுபாங்கி ஏறிப் போய்த் தன் ஜாக்கெற்றைக் கழற்றி அவருக்குப் போட்டாள். அவருடைய கைகள் கட்டையாக விறைத்திருந்தன. அவற்றைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

"அன்ரி, நான் சுபாங்கி. உங்கட மகள்தான் என்னை அனுப்பினவ."

"அவளுக்கு விளங்கினதா?" என்றார் தெய்வநாயகி. குரல் வறண்டு வந்தது. "நான் சொன்னது அவளுக்கு விளங்கினதா?"

"அவ கேட்ட உடனேயே கண்டுபிடிச்சிட்டா. மூண்டும் தலைகீழ் எண்டு அவதான் எங்களுக்குச் சொன்னவ."

தெய்வநாயகி தலையை ஆட்டினார். அழவில்லை. போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சின்னதில கதை சொன்னா, பாதியில நித்திரையாப் போயிடுவாள்," என்றார். "கேட்டாளோ கேக்கேல்லையோ எண்டு எனக்கு ஒரு நாளும் தெரியாது."

தூரத்தில் சைரன் கேட்டது. கஜீவன் இறங்கி வாசலுக்குப் போய், பொலிஸ் காருக்குக் கை காட்டினார். ஒரு பொலிஸ்காரர் தினேஸை எழுப்பினார். இன்னொருவர் ட்ரைலருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அம்புலன்சுக்குச் சொன்னார். ஏலத்தை நிறுத்தும்படி கடைக்கு ஓர் அழைப்பு போனது. தினேஸ் காருக்குள் ஏற்றப்படும்போது ஒரு தரம் திரும்பி ட்ரைலரைப் பார்த்தான். மாமியார் அவனைப் பார்க்கவில்லை.

சுபாங்கியின் தொலைபேசி அதிர்ந்தது. லக்ஷிகாதான். சுபாங்கி திரையைப் பார்த்தாள். எடுக்க மனம் வரவில்லை. இன்சூரன்ஸ் வேலையில் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு அறிக்கை எழுதிக் கொடுத்தால் போதும். யாருடைய வீட்டுக்கும் அந்தப் பொய்யைக் கொண்டு போய்ச் சேர்க்கத் தேவையில்லை.

"மகளா?" என்றார் தெய்வநாயகி.

"ஓம் அன்ரி. அவவுக்கு இன்னும் தினேஸைப் பற்றித் தெரியாது. வேணுமெண்டா நான் சொல்லுறன்."

"வேண்டாம். தாங்க."

விறைத்த விரல்களால் தொலைபேசியைப் பிடிக்க முடியவில்லை. சுபாங்கி அதை அவருடைய காதோடு வைத்துப் பிடித்தாள். வெளியே காற்று அடங்கியிருந்தது. லக்ஷிகாவின் குரல் அவளுக்கும் தெளிவாகக் கேட்டது.

"அக்கா?"

"அம்மா பேசுறன், மகள்."

மறுமுனையில் விம்மல் வெடித்தது. தெய்வநாயகி பொறுத்திருந்தார். ஓம், ஓம், சுகமா இருக்கன் என்று ஒன்றிரண்டு தரம் சொன்னார்.

"நான் நினைச்சன் அம்மா. சுபாங்கி அக்கா யார்டின்ர அட்ரஸ் கேக்கேக்கையே நினைச்சன்," என்று லக்ஷிகா அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "அவர்தானே கண்டுபிடிச்சவர்? தினேஸ்தானே உங்களைக் கண்டுபிடிச்சது?"

தெய்வநாயகி திறந்திருந்த கதவு வழியாக வெளியே பார்த்தார். பொலிஸ் கார் மெல்லத் திரும்பி, சகதியில் சில்லுத் தடம் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனது. 

"இல்லை மகள்," என்றார். "நீ முதல்ல கதிரையில இரு. இருந்திட்டியா? நான் சொல்லுறன்."